அடையாறு பக்கம் வீடு வாங்குவது எப்படி? மரநிழல் தெருவில் குடியேற நினைப்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையில் ஒரு வீட்டுத் தரகரிடம் "அடையாறு பக்கம் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் கேள்வி பட்ஜெட் எவ்வளவு என்பதாக இருக்கும். இரண்டாவது கேள்வி, "வேளச்சேரி பரவாயில்லையா?"

காந்தி நகர், கஸ்தூர்பா நகர், இந்திரா நகர், சாஸ்திரி நகர், பெசன்ட் நகர், சற்றுத் தள்ளிக் கோட்டூர்புரம் ஆகியவற்றையெல்லாம் சேர்த்துத்தான் பொதுவாக 'அடையாறு பக்கம்' என்கிறார்கள். வடக்கே ஆறும், 1882இல் இங்கே வந்து சேர்ந்த பிரம்மஞான சபையின் தோப்பும் இருக்கின்றன. கிழக்கே கடல். மேற்கே ஐஐடி வளாகமும் கிண்டி தேசியப் பூங்காவும். நான்கில் மூன்று பக்கம் அடைபட்ட இடத்தில் புதிதாக மனை முளைக்காது. இங்கே விற்பனைக்கு வரும் ஒவ்வொரு புதிய வீடும் ஒரு பழைய வீடு இடிந்த இடத்தில் எழுந்ததுதான்.

ஆகவே இங்கே வீடு வாங்குபவர் பணம் கொடுப்பது மண்ணுக்கும் தெருவுக்கும். கட்டடம் உடன் வருகிறது. டைல்ஸையும் மாடுலர் சமையலறையையும் பார்த்து மயங்காமல், பத்திரத்தையும் அளவு நாடாவையும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

படி 1: கையில் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கு

இரண்டு கோடி ரூபாய்க்கு ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை மறுவிற்பனையில் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. அதைப் பாதியாக்கிய கையோடு, பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்பை உயர்த்திவிட்டார்கள் என்பதால் பெரிதாக மகிழ ஒன்றுமில்லை. இரண்டு கோடிக்கு இந்த 9 சதவீதம் 18 லட்சம்.

கடனைப் பொறுத்தவரை, 75 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 75 சதவீதம்தான் உச்சவரம்பு என்பது ரிசர்வ் வங்கியின் விதி. பதிவுச் செலவு அந்த மதிப்பில் சேராது. எனவே வங்கி ஒன்றரைக் கோடி தந்தாலும் உங்கள் கையிலிருந்து 50 லட்சமும் 18 லட்சமும் போகும். தரகு, வழக்கறிஞர், பொறியாளர், குளியலறைகளைப் புதுப்பிக்கும் செலவு எல்லாம் சேர்த்தால் 75 லட்சம் இல்லாமல் இறங்காதீர்கள். பழைய கட்டடம் என்றால் வங்கியின் மதிப்பீட்டாளர் இரண்டு கோடி வீட்டை ஒன்றேமுக்கால் கோடி என்று எழுதிவிடக்கூடும். அந்த 75 சதவீதம் அவர் எழுதும் தொகையின் மீதுதான். ஆகவே விலை பேசும் முன்பே வங்கியில் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

கட்டிக்கொண்டிருக்கும் புதிய வீட்டுக்குக் கணக்கு வேறு. 2023 டிசம்பர் முதல் புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்குச் சலுகை விகிதம் உண்டு. 50 லட்சத்துக்கு மேல் மூன்று கோடி வரை தீர்வையும் கட்டணமும் சேர்த்து 7 சதவீதம். மூன்று கோடியைத் தாண்டினால் மீண்டும் 9. இதனுடன் ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே இரண்டு கோடிக்கு 14 லட்சமும் 10 லட்சமும் சேர்ந்து 24 லட்சம். கட்டடத்துக்குப் பணி நிறைவுச் சான்று கிடைத்தபின் வாங்கினால் ஜிஎஸ்டி கிடையாது. பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. இந்தப் பகுதியில் அந்தத் தொகைக்கு என்ன கிடைக்கும் என்று தரகரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: பிரிபடாத பங்கைக் கணக்கிடுங்கள்

வழிகாட்டியின் மற்ற பகுதிகளை விட்டாலும் இதை விட்டுவிடாதீர்கள். அடுக்குமாடி வீட்டை வாங்குபவருக்கு மனையில் ஒரு பிரிபடாத பங்கு எழுதிக் கொடுக்கப்படும். தரகர்கள் யு.டி.எஸ். என்பார்கள். கட்டடம் வயதாக வயதாக மதிப்பு குறையும். இந்தப் பங்கு மட்டும் ஏறிக்கொண்டே போகும்.

ஓர் உதாரணம். ஒரு கிரவுண்ட் என்பது 2,400 சதுர அடி. இரண்டு கிரவுண்ட் மனையில், 1980களில், ஆறு வீடுகள் கொண்ட மூன்று மாடிக் கட்டடம் எழுந்தது. தளப்பரப்புக் குறியீடு (மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு) 1.5 என்று கொண்டால் மொத்தம் 7,200 சதுர அடி கட்டலாம், வீட்டுக்கு 1,200. பிரிபடாத பங்கு வீட்டுக்கு 800 சதுர அடி.

2019இல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இந்தக் குறியீட்டை 2.0 ஆக்கின. தெருவின் அகலத்தைப் பொறுத்து, பிரீமியம் கட்டணம் செலுத்தினால் அதற்கு மேல் 30 முதல் 50 சதவீதம் வரை கட்டலாம். தெரு 9 மீட்டரிலிருந்து 12 மீட்டருக்குள் என்றால் 30 சதவீதம். அதாவது பழையதை இடித்துவிட்டு அதே மனையில் 12,480 சதுர அடி கட்டலாம். பழைய ஆறு பேருக்கும் ஆளுக்கு 1,200 சதுர அடியை பில்டர் திருப்பிக் கொடுத்தாலும் 5,280 மிச்சம். அதில் நான்கு வீடுகள் கட்டி விற்கிறார். விளம்பரத்தில் நீங்கள் பார்ப்பது அந்த நான்கில் ஒன்று.

இப்போது பங்கு என்னவாயிற்று? பத்து வீடுகளுக்கு 4,800 சதுர அடி, வீட்டுக்கு 480. பழைய வீட்டை இரண்டு கோடிக்கு வாங்கினால் மண்ணின் சதுர அடிக்கு 25,000 கொடுத்திருப்பீர்கள். பக்கத்து மனையில் புதிய வீட்டை இரண்டரைக் கோடிக்கு வாங்கினால் 52,000. புதிய வீட்டில் லிப்ட் இருக்கிறது, கார் நிறுத்த இடம் இருக்கிறது, அடுத்த இருபது ஆண்டுகளுக்கு இடிக்கும் பேச்சு இருக்காது. மூட்டுவலி உள்ள பெற்றோருடன் இருப்பவர்கள் புதியதை வாங்குவதில் தவறே இல்லை. வித்தியாசம் எவ்வளவு என்று தெரிந்து வாங்குங்கள் என்பதே நான் சொல்வது. நடுத்தர வயதில், மாடிப்படி ஏறும் தெம்போடு இருப்பவருக்கு என் ஓட்டு பழைய வீட்டுக்குத்தான்.

பழைய வீட்டை வாங்கினால் மறுகட்டுமானம் எப்போது வரும் என்பது அடுத்த கேள்வி. முன்பெல்லாம் ஒரே ஒருவர் முரண்டு பிடித்தால் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த பிறகு, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அசோசியேஷன் செயலாளரைச் சந்தித்து, கடைசி இரண்டு மூன்று பொதுக்குழுக் கூட்டங்களின் குறிப்பேட்டைக் கேட்டு வாசியுங்கள். பில்டரிடம் ஏற்கெனவே பேச்சு நடக்கிறதா, யார் எதிர்க்கிறார்கள், இடிக்கும் காலத்தில் வாடகை யார் தருவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். வாங்கிக் குடியேறி, மூன்று லட்சத்துக்கு மர அலமாரி அடித்த அடுத்த ஆண்டே பெட்டி கட்ட நேர்வது எரிச்சலான காரியம்.

தெரு அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். 9 மீட்டர் என்பது சுமார் 29 அடி 6 அங்குலம். '30 அடித் தெரு' என்று பத்திரத்தில் எழுதியிருந்தாலும், இரு பக்கமும் படிக்கட்டும் சாய்தளமும் தெருவுக்குள் இறங்கியிருந்தால் அளவு சுருங்கிவிடும். அரை அடி குறைந்தால் அந்தக் கூடுதல் 30 சதவீதமே கைநழுவும்.

கடலோர மனைகளுக்கு இன்னொரு பூட்டு உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் உயர் அலைக் கோட்டிலிருந்து, அதாவது கடல்நீர் ஏற்றத்தின்போது எட்டும் எல்லையிலிருந்து, 500 மீட்டர் வரை பொருந்தும். அடையாற்றின் முகத்துவாரத்தை ஒட்டியும் குறிப்பிட்ட தூரத்துக்கு உண்டு. பெசன்ட் நகரின் கடற்கரை ஓரத் தெருக்கள் இதற்குள் வருகின்றன. அங்கே மறுகட்டுமானத்துக்குத் தனி அனுமதி வேண்டும், எல்லாவற்றையும் கட்டிவிட முடியாது. கடல் தெரியும் பால்கனிக்கு ஆசைப்படுபவர்கள் மேலே சொன்ன கணக்கை அப்படியே அங்கே போட்டுப் பார்க்க வேண்டாம்.

படி 3: தெருவைத் தேர்ந்தெடுங்கள்

மழையில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை, ஞாயிறு மாலையில் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மழை ஏன் என்றால், 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாறு கரைபுரண்டபோது கோட்டூர்புரத்தின் பல தெருக்களில் தரைத்தளம் மூழ்கியது. ஆற்றை ஒட்டிய தெருவில் பார்க்கும் வீட்டின் காவலாளியிடமோ எதிர்க்கடைக்காரரிடமோ "2015இல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். சுவரில் கைவைத்துக் காட்டுவார்கள். 2023 மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் எத்தனை நாள் இல்லை என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கோடையில் பார்க்க வேண்டியது தண்ணீர். 2019 கோடையில் இந்தச் செல்வந்தத் தெருக்களிலும் லாரிதான் ஓடியது. கிணறு இருக்கிறதா, ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பா, குடிநீர் வாரியத்தின் குழாயில் தினமும் வருகிறதா, கீழ்நிலைத் தொட்டியின் கொள்ளளவு எவ்வளவு? கடலுக்கு அருகில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால் உப்பேறும். மழைநீர்ச் சேகரிப்பு 2003 முதல் கட்டாயம் என்றாலும் பல கட்டடங்களில் அந்தக் குழி குப்பைக் குழியாகிவிட்டது. மூடியைத் திறந்து பாருங்கள்.

ஞாயிறு மாலை கூட்டத்துக்காக. எலியட்ஸ் கடற்கரைக்கு வரும் வாகனங்கள் எந்தத் தெருவில் நிற்கின்றன, உங்கள் வாசலை அடைக்கின்றனவா என்பது வார நாள் காலை பத்து மணிக்குத் தெரியாது. வேளாங்கண்ணி மாதா கோயிலுக்கு அருகில் என்றால் ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை திருவிழா; அந்த நாட்களில் காரை மறந்துவிட வேண்டும். சிலருக்கு அதுவே இந்த ஊரின் அழகு.

மரங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த நிழலுக்காகத்தான் சதுர அடிக்கு இவ்வளவு கொடுக்கிறீர்கள், ஆகவே அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையின் நிழலில் பெரும் பகுதியை ஒரே நாளில் வீழ்த்தியது. குல்மோகர் போன்ற வேர் ஆழம் இல்லாத மரங்கள் வேரோடு சாய்ந்தன. வேம்பும் புங்கையும் பெரும்பாலும் நின்றன. தெருவில் எவை நிற்கின்றன, அடிமரத்தைச் சுற்றி சிமெண்டு பூசி மூச்சடைத்திருக்கிறார்களா என்று கவனியுங்கள். வேர் சாக்கடைக் குழாயில் நுழைந்திருந்தால் தரைத்தள வீட்டில் அடிக்கடி அடைப்பு வரும். மனைக்குள் பெரிய மரம் இருந்தால், அதை வெட்ட அனுமதி வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். பார்க்கிங்குக்கு இடைஞ்சல் என்று நினைத்தமாத்திரத்தில் கோடரி எடுக்க முடியாது.

மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் மாதவரம் முதல் சிப்காட் வரையிலான மூன்றாம் வழித்தடம் கிரீன்வேஸ் சாலை, அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர் வழியாகப் போகிறது. நிலையம் வரும் என்பதைச் சொல்லி விலையை ஏற்றுவார்கள். நிலைய வாசல் எங்கே வரும் என்பதைப் பொறுத்து அது வரமாகலாம், உங்கள் அமைதியான தெரு ஆட்டோ நிறுத்தமாகவும் ஆகலாம்.

படி 4: கட்டடத்தைத் தட்டிப் பாருங்கள்

கடற்காற்றின் உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கி இரும்புக் கம்பியை அரிக்கும். கம்பி துருப்பிடித்தால் பருத்து, மேற்பூச்சைத் தள்ளி உதிர்க்கும். கூரையின் அடிப்பகுதி, பால்கனி விளிம்பு, ஸ்டில்ட் (கார் நிறுத்தத் திறந்து விட்ட கீழ்த்தளம்) தூண்களின் அடி, மொட்டைமாடித் தொட்டியின் கீழ்ப்புறம் ஆகிய நான்கு இடங்களில் இது முதலில் தெரியும். புதிதாக வெள்ளையடித்திருந்தால் சந்தேகம் கூட வேண்டும். விற்பவரின் ஆளை விட்டு, நீங்களே ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துப் போங்கள். கோடிகளில் வாங்கும்போது அவருடைய கட்டணம் ஒரு செலவே அல்ல.

கார் நிறுத்தும் இடம் பத்திரத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஸ்டில்ட் பார்க்கிங் பொதுப்பகுதி, பில்டர் அதைத் தனியாக விலைக்கு விற்க முடியாது என்று 2010இல் ஒரு மும்பை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனாலும் யார் எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி அசோசியேஷன்கள் சண்டையிடுகின்றன. ஒதுக்கீட்டுக் கடிதம் இருந்தால் வாங்கி வையுங்கள்.

படி 5: பத்திரங்கள்

ஒரு வழக்கறிஞர் வேண்டும். விற்பவர் சிபாரிசு செய்பவரை வைத்துக்கொள்ளாதீர்கள். அவரிடம் எல்லா நகல்களையும் கொடுத்து, எழுத்துப்பூர்வமான கருத்துரை வாங்குங்கள். இருந்தாலும் எதைப் பார்க்கிறார் என்பது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மூலப்பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை சங்கிலி அறுபடாமல் வர வேண்டும். சொத்தின் மீது பதிவானவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றைக் குறைந்தது முப்பது ஆண்டுகளுக்கு எடுங்கள். பதிவுத்துறையின் இணையதளத்திலேயே பார்க்கலாம். சார்பதிவாளர் அலுவலகங்களின் எல்லை காலப்போக்கில் மாறியிருப்பதால் ஒன்றுக்கு மேற்பட்ட அலுவலகங்களில் தேட வேண்டிவரலாம். பத்திரத்தில் உள்ள பரப்பும் எல்லையும் நகர நில அளவைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றனவா என்பது அடுத்தது.

இந்தப் பகுதிக்கே உரிய சில சிக்கல்கள் உண்டு. பெசன்ட் நகர், சாஸ்திரி நகர், இந்திரா நகர் ஆகியவற்றில் பெரும்பகுதி வீட்டுவசதி வாரியம் உருவாக்கியது. முதலில் ஒதுக்கீடு பெற்றவர் முழுப் பணமும் கட்டி, வாரியத்திடமிருந்து கிரையப் பத்திரம் பெற்றாரா? ஒதுக்கீட்டு ஆணையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மூன்று கை மாறிய வீடுகள் உண்டு. பெரிய பழைய பங்களா மனை என்றால், 1999இல் நீக்கப்பட்ட நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தின் கீழ், வரம்புக்கு மேற்பட்ட உபரி நிலமாக எடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். சட்டம் போய்விட்டாலும் அன்று அரசு கையகப்படுத்திய நிலம் திரும்பிவிடவில்லை. மயிலாப்பூர், திருவான்மியூர் பக்கம் நகர்ந்தால் கோயில் நிலமா என்பதும் கேள்வி.

அதைவிட அதிகம் சந்திக்கப்போவது குடும்பச் சிக்கல். 1970களில் வாங்கிய அப்பா இப்போது இல்லை. அம்மா இருக்கிறார். ஒரு பிள்ளை அமெரிக்காவில், ஒருவர் சிங்கப்பூரில், மகள் மாம்பலத்தில். எல்லா வாரிசுகளும் கையெழுத்திட வேண்டும், மகளும்தான். "தங்கைக்குச் செய்ய வேண்டியதை அப்போதே செய்துவிட்டோம்" என்ற பேச்சு பத்திரத்தில் செல்லாது. தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர் எழுதிப் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். உயில் இருக்கிறது என்றால், அது நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டதா என்று வழக்கறிஞர் கேட்பார். வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பினால், அது இந்தியா வந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்படி முத்திரையிடப்பட வேண்டும். பதிவின்போது அதிகாரம் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்ற சான்றும் தேவைப்படும்.

புதிய வீடு என்றால் அனுமதி வரைபடமும் எழுந்து நிற்கும் கட்டடமும் ஒன்றா என்று பாருங்கள். ஐந்தாவது மாடியில் ஒரு 'சர்வன்ட் ரூம்' வரைபடத்தில் இல்லாமல் இருக்கும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான திட்டமென்றால் எண்ணைப் போட்டு இணையத்தில் எல்லாவற்றையும் படிக்கலாம். ஆனால் 500 சதுர மீட்டருக்குள் அடங்கிய மனையில், எட்டு வீடுகளுக்கு மிகாமல் கட்டினால் பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது இரண்டே கால் கிரவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அடையாறு பக்கத்து மறுகட்டுமானங்களில் பல இந்த வரம்புக்குள் ஒதுங்கிவிடுகின்றன. அப்படிப்பட்ட வீட்டை வாங்கும்போது, வாங்குபவர்களின் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்க வேண்டும் என்ற பாதுகாப்போ, ஐந்து ஆண்டுக் கட்டுமானக் குறைபாட்டுப் பொறுப்போ தானாகக் கிடைக்காது. கட்டுமான ஒப்பந்தத்தில் நீங்களே எழுதி வாங்க வேண்டும். பழைய உரிமையாளர்களுக்கும் பில்டருக்கும் இடையிலான கூட்டு வளர்ச்சி ஒப்பந்தத்தையும் கேளுங்கள். நீங்கள் வாங்கும் வீடு பில்டரின் பங்கில்தான் இருக்கிறதா என்பது அதில்தான் தெரியும்.

படி 6: விலை பேசுதல், ஒப்பந்தம்

இங்கே விற்பவர்களுக்கு அவசரம் குறைவு. ஆனால் வெளிநாட்டிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு அவசரம் உண்டு. வங்கி ஒப்புதலும் வழக்கறிஞர் கருத்துரையும் கையில் தயாராக வைத்திருப்பவருக்குக் குறைத்துக் கொடுப்பார்கள்.

"கொஞ்சம் ரொக்கமாக" என்ற பேச்சு வரும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். உங்களுக்கு வேறு நட்டம்: பத்திரத்தில் இல்லாத தொகையை நாளை நீங்கள் விற்கும்போது கொள்முதல் விலையாகக் காட்ட முடியாது, அதற்கும் சேர்த்து வரி கட்டுவீர்கள். முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். அப்போதுதான் அது வில்லங்கச் சான்றில் தெரியும், வேறொருவரிடம் முன்பணம் வாங்குவது கடினமாகும். ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பொது அறிவிப்பு கொடுப்பது நல்ல பழக்கம். மறந்துபோன மருமகன் எவராவது இருந்தால் அப்போது வெளியே வருவார்.

50 லட்சமும் அதற்கு மேலும் விலையுள்ள சொத்துக்கு, விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடித்து நீங்கள்தான் அரசுக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாடுவாழ் இந்தியர் என்றால் இந்த 1 சதவீதம் பொருந்தாது; நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன் மேல் கூடுதல் தீர்வைகளும். குறைவாகப் பிடிக்க அவர் வருமானவரித் துறையிடம் சான்று வாங்கி வரட்டும். பிடிக்கத் தவறினால் துறை உங்களைத்தான் தேடி வரும். மூன்று வாரிசுகளில் இருவர் வெளிநாட்டில் என்றால் ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனிக் கணக்கு. இதற்கு ஓர் ஆடிட்டரை முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.

படி 7: பதிவும் அதன் பிறகும்

பதிவு நாளில் அசல் பத்திரங்கள் எல்லாம் கைக்கு வந்தபின்தான் கடைசிக் காசோலை. சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம், அசோசியேஷன் பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற ரசீதுகளையும் அப்போதே வாங்கிவிடுங்கள். அசோசியேஷனில் கார்பஸ் நிதி (எல்லோரும் போட்டு வைத்த பொதுச் சேமிப்பு) இருந்தால் விற்பவரின் பங்கு உங்கள் பெயருக்கு மாறியதாகக் கடிதம் வேண்டும்.

பிறகு நான்கு இடங்களில் பெயர் மாற்றம்: பட்டா, மாநகராட்சியின் சொத்து வரி, மின்வாரியம், குடிநீர் வாரியம். இதைத் தள்ளிப்போட்டு, பத்தாண்டு கழித்து விற்கும்போது அலைபவர்கள் ஏராளம். சொத்து வரி அரையாண்டுக்கு ஒருமுறை வரும். ஏப்ரல் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும், மாதம் முடிவதற்குள் கட்டிவிட்டால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய்.